கல்யாணத்தை சர்ச் ஏற்கவில்லை

பெங்களூரில் யூசர் என்ற பதவியில் சேர்ந்து, யூசராகவே ஓய்வு பெற்ற ஆள் என்னைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. என் அடையாள அட்டையில் பெயர் கோவிந்தராஜ், பதவி யூசர் என்றுதான் போட்டிருக்கும். ஒருமுறை மெட்ரோ வாசலில் ஒரு போலீஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு, “ஏனு யூஸ் மாட்தியா?” என்று, என்ன போதை யூஸ் பண்றே என்கிற மாதிரி கன்னடத்தில் கேட்டு, என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். உள்ளே ஒரு பாக்குப் பொட்டலமும் என் ஃபோனும்தான் இருந்தன. ஃபோனைப் பார்த்ததும் அவருக்கே பாவமாகி, போகச் சொல்லிவிட்டார்.

அந்த ஃபோன்தான் என் உத்தியோகம். எங்கள் ஆபீஸ் அல்சூரில். வெப்சைட் வைத்திருக்கிறவர்கள், தேடினால் தங்கள் கடை பெயர் வரவில்லை என்று வருவார்கள். என்ன பழுது என்று பார்த்துச் சரிசெய்து கொடுப்போம். அங்கே வேலை செய்யும் எல்லாரும் நாள் முழுக்க, “யூசருக்குப் பிடிக்காது”, “யூசர் பொறுமையா இருக்க மாட்டான்” என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்த யூசர் நான். சண்டை முற்றினால் என்னைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்து, “நீங்க சொல்லுங்கண்ணா, உங்களுக்குப் பிடிக்குதா?” என்பார்கள்.

இப்போது என் நாற்காலிக்கு ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. மெதுவான ஃபோன் மாதிரி அதுவே நடிக்குமாம். கடைசியாகச் சேர்ந்த சௌம்யா என்ற பெண், “அண்ணா, வெப்சைட் வச்சிருக்கறவங்களுக்கு உபயோகமா நாலு விஷயம் சொல்லிட்டுப் போங்க, நம்ம பக்கத்துல போடலாம்” என்றது. எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. பஸ் போர்டு படித்துத்தான் எழுத்து தெரியும். அதனால் ஃபோனிடம் சொன்னேன், ஃபோன் எழுதியது, சௌம்யா திருத்தியது.

இந்த வேலைக்கு முன் ஆட்டோ ஓட்டினேன். மல்லேஸ்வரத்திலிருந்து எங்கள் ஆபீஸ் வைதேகி மேடம் தினமும் என் வண்டியில்தான் அல்சூர் வருவார். சிக்னலில் நிற்கும்போது, “கோவிந்தராஜ், உங்க ஃபோன்ல இந்தக் கடையைத் திறங்க” என்பார். சிக்னல் பச்சையாகும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள், பக்கம் மட்டும் திறக்காது. மேடத்துக்கு அதில் என்ன சந்தோஷமோ, சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார். என் முட்டி போய் ஆட்டோவை விட்டபோது அவரே வேலைக்குக் கூப்பிட்டார். பயிற்சி என்று ஒன்றும் இல்லை. “இப்ப என்ன தெரியுமோ அதுக்கு மேல ஒண்ணும் கத்துக்காதீங்க. ஃபோனை மாத்தாதீங்க. அவ்வளவுதான்” என்றார். பிற்பாடு என் மகள் புது ஃபோன் வாங்கிக் கொடுத்தபோது ஆபீசில் அவசரக் கூட்டம் போட்டார்கள். அந்தப் புது ஃபோன் இன்னும் என் வீட்டு பீரோவில் டப்பாவோடு இருக்கிறது.

ஒக்கலிபுரத்தில் ரயில்வே பாலத்துக்கு அடியில் ஒரு இடம் உண்டு. அங்கே சிக்னல் வந்தும் வராமலும் இருக்கும். என் வீடு பக்கம் என்பதால் ஆபீசுக்கு வருமுன் அங்கே நின்று, அன்றைக்குப் பார்க்க வேண்டிய சைட்டைத் திறப்பேன். ஒருநாள் ஒரு பட்டுச் சேலைக் கடை சைட். முதலில் விளம்பரப் பெண்ணின் கொண்டை வந்தது. மேலே ஒரு ரயில் போனது. நெற்றி வந்தது. பொட்டு வந்தது. இன்னொரு ரயில் வந்து நின்று கிளம்பியது. கழுத்து வரைக்கும் வந்துவிட்டாள், சேலை மட்டும் வரவில்லை. கடை முதலாளி, “எங்க ஆபீஸ்ல டக்குனு வருதே” என்றார். அவர் ஆபீசில் வரும் சார். உங்கள் சேலையை வாங்குகிறவள் உங்கள் ஆபீசில் உட்கார்ந்திருக்கவில்லையே. படத்தைச் சுருக்கிப் போடுங்கள் என்று மேடம் சொன்னதை அவர் கேட்டார்.

படம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் படித்துக்கொண்டிருக்கும்போது எழுத்தெல்லாம் குதித்துக் கீழே போகும். அப்படித்தான் நான் ‘வேண்டாம்’ என்ற பொத்தானை அழுத்தப் போக, அது நகர்ந்து, அந்த இடத்தில் வேறு பொத்தான் வந்து நின்று, நர்சிங் காலேஜில் சேர விண்ணப்பம் போய்விட்டது. அங்கிருந்து இன்னும் கூப்பிட்டு, “கோவிந்தராஜ் மேம் இருக்காங்களா?” என்கிறார்கள்.

மேடம் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். வந்ததும் ஃபிளாஸ்கில் இருந்து காபி. அது முடிகிற வரை கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, சைட்காரர் சொல்வதை முழுசாகக் கேட்பார். பிறகு எப்போதும் அதே வரிசை. முதலில் தேடுகிற இடத்தில் site என்று போட்டு, இரண்டு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் சைட் பெயரைப் போடுவார். உங்கள் பக்கங்களில் எதெல்லாம் கணக்கில் இருக்கிறது என்று அதுவே காட்டும். நீங்களும் செய்து பார்க்கலாம். அடுத்து, தேடுபொறி அனுப்பி உள்ளே வந்து படிக்கிற ரோபோவுக்குக் கதவு திறந்திருக்கிறதா என்று ஒரு கோப்பில் பார்ப்பார். அதற்கப்புறம் பக்கத்தின் பின்பக்கத்தை, கம்ப்யூட்டருக்கு எழுதியிருக்கிறதைத் திறந்து, இரண்டே வார்த்தை தேடுவார். ஒன்று, இந்தப் பக்கத்தைச் சேர்க்காதே என்று சொல்கிற வரி. மல்லேஸ்வரத்தில் சமையல் வகுப்பு நடத்துகிற ஒரு அம்மா, யாருமே வருவதில்லை என்று ஜாதகம் வரைக்கும் பார்த்துவிட்டு வந்தார். சைட் கட்டினவர் வேலை முடிகிற வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று அந்த வரியைப் போட்டிருக்கிறார். வேலை முடிந்தது. வரி மட்டும் உட்கார்ந்திருந்தது. கிரகப்பிரவேசம் முடிந்து சாப்பாடு போட்டும், ‘உள்ளே வராதீர்கள்’ பலகையை வாசலில் இருந்து எடுக்கவில்லை.

மேடம் தேடுகிற இரண்டாவது வார்த்தை, கேனானிக்கல். ஒரே மாதிரி இரண்டு மூன்று பக்கம் இருந்தால், இதில் அசல் எது என்று சொல்கிற வரி அது. இந்த வார்த்தைதான் ஒரு குடும்பத்தையே ஆட்டி வைத்தது.

ஆரோக்கியம் மாஸ்டர் கண்டோன்மெண்ட் பக்கம் பேண்டு செட் நடத்துகிறார். டிரம்பெட், கிளாரினெட், பெரிய டிரம் எல்லாம் உண்டு. கல்யாணத்துக்குத் தோளில் தங்க ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு, சாவுக்குக் கறுப்புக் கோட்டு. அவருடைய தங்கை மாப்பிள்ளை பிரியமாக ஒரு புது வெப்சைட் செய்து கொடுத்தார். அன்றிலிருந்து கல்யாணத்துக்கு ஒரு அழைப்பும் இல்லை. சாவுக்கு மட்டும் விடாமல் கூப்பிட்டார்கள். மாஸ்டருக்கு ஃபோனை எடுத்தால் துக்கக் குரல்தான் வரும் என்றாகிவிட்டது.

சைட்டில் இருக்கும் நம்பரைத் தொட்டால் ஃபோன் போகிறதா என்று பார்ப்பதும் யூசர் வேலை. பாலத்தடியில் நின்று தொட்டேன்.

“சொல்லுங்க. மனச தேத்திக்குங்க. எப்ப எடுக்கறீங்க?” என்று ஒரு குரல்.

“மாஸ்டர், நான் ஆபீஸ்ல இருந்து கோவிந்தராஜ். சும்மா நம்பர் வேலை செய்யுதான்னு பாத்தேன்.”

“அப்படியா. நல்லது. கடவுள் உங்களுக்கு ஆறுதல் தருவாராக.”

அவர் நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை. தவக்காலம் தொடங்கிவிட்டது. அந்த நாட்களில் கத்தோலிக்கர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் வரிசையாக வைப்பார்கள். அதற்கு பேண்டு பேசுவதெல்லாம் தவக்காலத்திலேயே நடந்துவிடும். இந்த முறையும் ஒருவரும் கூப்பிடவில்லை என்றால் சாவு பேண்டு என்றே பெயர் நிலைத்துவிடும், டிரம்பெட் வாசிக்கிறவர் வேறு செட்டுக்குப் போய்விடுவார். சிவப்புக் கோட்டுகளை ஒரு ஹோட்டல்காரர் வாசலில் கதவு திறக்கிற ஆட்களுக்குக் கேட்டிருந்தார். ஈஸ்டருக்குள் ஒரு கல்யாணமாவது வரட்டும், இல்லையென்றால் கொடுத்துவிடுகிறேன் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். “எங்க அப்பா தெச்ச கோட்டுங்க மேடம். அதைப் போட்டுக்கிட்டு எவனோ கார் கதவைத் திறக்கறதை நான் எப்படிப் பாக்கறது?” என்று எங்கள் ஆபீசில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் காபியை முடித்தார். site போட்டார், இரண்டு புள்ளி வைத்தார். துக்கப் பக்கம் இருந்தது. கல்யாணப் பக்கம் இல்லவே இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. பின்பக்கத்தைத் திறந்தார். கொண்டையிலிருந்து பென்சில் வெளியே வந்தது.

நடந்தது இதுதான். தங்கை மாப்பிள்ளை முதலில் துக்கப் பக்கத்தைச் செய்திருக்கிறார். அதையே நகல் எடுத்து, ‘துக்கம்’ என்று இருந்த இடத்தில் எல்லாம் ‘கல்யாணம்’ என்று மாற்றிவிட்டார். ஒரே படம், ஒரே எழுத்து. இரண்டுக்கும் அசல் துக்கப் பக்கம்தான் என்று சொல்கிற அந்தக் கேனானிக்கல் வரியும் அப்படியே வந்துவிட்டது. மேடம் கல்யாணப் பக்கத்தை எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

“உங்கள் இல்லத்தில் எதிர்பாராத கல்யாணம் நேர்ந்துவிட்டதா? கலங்க வேண்டாம். எந்த நேரமானாலும் அழையுங்கள். கல்யாண வீட்டில் எங்கள் ஆட்கள் அமைதி காப்பார்கள்.”

ஆபீசே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. “அந்த வரி கட்டளை இல்ல, சிபாரிசுதான். ரெண்டு பக்கமும் வேற வேறயா இருந்திருந்தா, ரோபோ அதைத் தள்ளிட்டு ரெண்டையும் எடுத்திருக்கலாம். இது ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கு, அதான் சிபாரிசை நம்பிடுச்சு” என்றார்.

உடனே மேடம் மாஸ்டர் வீட்டுக்கு ஃபோன் போட்டார். அவர் மனைவி பிலோமினா அக்கா எடுத்தார். எங்கள் ஆபீசில் தேடுபொறியை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், சர்ச் என்பார்கள். “சர்ச்ல வருதா?” “சர்ச் எடுத்துக்கல.” மேடம் மல்லேஸ்வரத்துக்காரர். அவருக்கு வேறு சர்ச் பழக்கமில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். மேடம் சொன்னது இதுதான்:

“அம்மா, கண்டுபிடிச்சுட்டோம். உங்க கல்யாணத்தை சர்ச் ஏத்துக்கல. கேனானிக்கல் தப்பா இருக்கு... ஆமா, ஆரம்பத்துல இருந்தே... ஒண்ணும் பயப்படாதீங்க, ஈஸ்டருக்குள்ள சரி பண்ணப் பாக்கறேன். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் எதையும் தொடாதீங்க.”

ஃபோனை வைத்துவிட்டு, “ரொம்ப அதிர்ச்சியாயிட்டாங்க பாவம், வெப்சைட் மேல அவ்வளவு அக்கறை” என்றார்.

மறுநாள் காலை லிஃப்டிலிருந்து வெள்ளை அங்கியோடு ஒரு ஃபாதர் இறங்கினார். அவர்களுடைய பங்குச் சாமியார். பின்னால் பிலோமினா அக்கா முக்காடு போட்டுக்கொண்டு. அவருக்கும் பின்னால், இரண்டு முழம் தள்ளி, மாஸ்டர். மாஸ்டர் சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. ராத்திரி வாத்தியம் வைக்கிற அறையில் பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் படுத்தாராம்.

“இங்க மேடம் யாரும்மா?” என்றார் ஃபாதர். “இவங்க கல்யாணத்துல திருமணத் தடை எதுவும் கிடையாது. நானே பாத்துட்டேன். கேனான்னா எங்க திருச்சபைச் சட்டம். நீங்க அதுல எந்தச் சட்டத்துல செல்லாதுன்னு சொன்னீங்க?”

மேடம் எழுந்து நின்றார். “உக்காருங்க ஃபாதர். நாங்க பின்னாடி திறந்து பாத்துட்டுத்தான் சொன்னோம். கல்யாணம்னு பேர்தான். கேனானிக்கல் துக்கத்தைத்தான் காட்டுது.”

“எந்தக் கல்யாணத்துலயும் கொஞ்சம் துக்கம் இருக்கும்மா. அதுக்காகச் செல்லாதுன்னு சொல்ல முடியாது.”

“ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கே ஃபாதர்.”

“அதை நான் எப்படிச் சொல்றது. எனக்கு அனுபவம் இல்ல” என்றார் ஃபாதர்.

பிலோமினா அக்காவால் தாங்க முடியவில்லை. “இத்தனை வருஷம் இந்த மனுஷனுக்குச் சோறு பொங்கிப் போட்டிருக்கேன் மேடம்! இந்தாளு விடிய விடிய கிளாரினெட் ஊதறதைச் சகிச்சிருக்கேன். இப்பப் போய்க் கல்யாணமே ஆகலைன்னா என்ன நியாயம்?”

மேடம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபிளாஸ்கைத் திறந்து, வழக்கமில்லாமல் இரண்டாவது காபி ஊற்றிக்கொண்டார். அதை முடித்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஃபாதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார். பிறகு எதிர்பாராத கல்யாணம் நேர்ந்துவிட்டதா என்பதைப் படித்தார். அங்கியெல்லாம் குலுங்கியது.

“எது அசல்னு சொல்றதுக்கு எங்ககிட்டயும் இதே பேர்தாம்மா” என்றார். “அப்ப இவங்க ரெண்டு பேரும் தொடலாமா?”

“வெப்சைட்டைத் தவிர எதை வேணும்னாலும் தொடலாம் ஃபாதர்.”

பிலோமினா அக்கா முக்காட்டை எடுத்தார். “அப்ப என் கல்யாணம் செல்லும்” என்றார். முகத்தில் நிம்மதி இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. போகும்போது ஃபாதர் வாசலில் நின்று, “ஆமா, எங்க சர்ச் சர்ச்ல வருதா?” என்று கேட்டுவிட்டுத்தான் லிஃப்டில் ஏறினார்.

அன்றே அந்த வரியைக் கல்யாணப் பக்கம் தன்னையே அசல் என்று சொல்கிற மாதிரி மாற்றினார்கள். அது மட்டும் போதாது என்றார் மேடம். பக்கத்தில் உண்மையாகவே கல்யாணம் இருக்க வேண்டும். மாஸ்டரைக் கல்யாணத்தைப் பற்றிப் பேசச் சொன்னால், “மாப்பிள்ளை வந்து இறங்குவாரு... ஆண்டவர் சித்தம்” என்று முடித்தார். கடைசியில் பிலோமினா அக்கா பேசினார். பொண்ணு சர்ச் படியிறங்கும்போது எந்தப் பாட்டு, ஊர்வலத்தில் டிரம்பெட்காரர் ஒற்றைக் காலில் சுற்றி ஆடுவது, சிவாஜிநகர் சந்தில் ஆட்டோக்காரர்களே வண்டியை நிறுத்திவிட்டு ஆடியது. அதையே பக்கமாகப் போட்டார்கள். அல்சூர் ஏரிக்கரையில் எல்லாரையும் சிவப்புக் கோட்டில் நிற்க வைத்துப் படம் எடுத்துச் சுருக்கினார்கள். முகப்பிலிருந்து அந்தப் பக்கத்துக்கு வழி வைத்தார்கள். வந்து மறுபடி படி என்று தேடுபொறிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் சும்மா இருக்க வேண்டும். வெப்சைட் வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்கிற பெரிய விஷயம் இதுதான். சரிசெய்த பிறகு தினம் ஒன்றை மாற்றாதீர்கள். அது வந்து படிக்க நேரம் ஆகும். மாஸ்டரால் சும்மா இருக்க முடியவில்லை. தினமும் கூப்பிடுவார். நான் பாலத்தடியில் நின்று தேடுவேன். குருத்து ஞாயிறு போனது, பெரிய வெள்ளி போனது. என் ஃபோனில் துக்கம்தான் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் மேடம் என்னை மாஸ்டர் வீட்டுக்கு அனுப்பினார். “கூட இருங்க கோவிந்தராஜ், பேச வேணாம்” என்றார். போனால் கோட்டுகளை மடித்துக் கட்டிலில் அடுக்கியிருந்தார்கள். அறையெல்லாம் பூச்சி உருண்டை வாசனை. ஹோட்டல்காரர் ஒன்றைப் போட்டு, கண்ணாடி முன்னால் கதவு திறப்பது போலக் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஃபோன் அடித்தது. காது மந்தமான பெரிய டிரம்காரருக்காக மாஸ்டர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“சொல்லுங்கம்மா. மனச தேத்திக்குங்க. எப்ப எடுக்கறீங்க?”

“எடுத்தாச்சுங்க. போன வாரமே எடுத்தாச்சு” என்றது ஒரு பெண் குரல்.

“எடுத்தாச்சா! பேண்டு இல்லாமலா?”

“அதுக்கு எதுக்குங்க பேண்டு? நாங்க பொம்பளைங்க மட்டும்தான் போயிட்டு வந்தோம்.”

மாஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். “யாரும்மா?”

“எங்க பொண்ணுதான்.”

“ஐயோ. சின்ன வயசா?”

“சின்ன வயசுதான். ஆனா நல்ல இடம்.”

“நல்ல இடத்துக்குத்தாம்மா போயிருக்கும். வருத்தப்படாதீங்க.”

“இன்னும் போகலைங்க. கல்யாணச் சேலைதான் எடுத்தாச்சு. வர்ற புதன்கிழமை காலையில கல்யாணம், சாயந்தரம்தானே போவா? அந்த ஒத்தக் காலு டிரம்பெட்காரர் கண்டிப்பா வரணும்னு பொண்ணு சொல்லிட்டா.”

பிலோமினா அக்கா ஃபோனைப் பிடுங்கினார். “வருவாரும்மா, வருவாரு! எங்க நம்பர் எப்படிக் கிடைச்சுது?”

“சர்ச்லதான்.”

“எந்த சர்ச்?”

“ஃபோன்ல தேடற சர்ச்சுங்க.”

பிலோமினா அக்கா கண்ணாடியைப் பார்த்துத் திரும்பினார். “கோட்டைக் கழட்டுங்கண்ணா” என்றார். ஹோட்டல்காரர் கடைசியாக ஒருமுறை கதவைத் திறந்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். நான் என் ஃபோனில் தேடினேன். மெதுவாக, தோள் ஜரிகையிலிருந்து ஆரம்பித்து, சிவப்பு இறங்கியது.

போன வாரம் ஆபீசில் எனக்கு வழியனுப்பு. அதற்கு முந்தின நாள் மாஸ்டர் என் வீட்டுக்கு ஃபோன் போட்டார்.

“கோவிந்தண்ணா, நாங்க வந்து வாசிக்கறோம். ஆனா ஒரு சந்தேகம். எங்ககிட்ட ரெண்டே பக்கம்தான் இருக்கு. ரிட்டயர்மெண்ட் எந்தப் பக்கத்துல வரும்? சிவப்பா, கறுப்பா?”

அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி மல்லிகா ஃபோனை வாங்கினாள்.

“சிவப்பே போட்டுக்குங்க மாஸ்டர். அந்த மனுஷன் வீட்டுக்குத்தான் வராரு.”